சுவருக்குள் சிக்கிய குரல்



வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு சின்ன டிரான்சிஸ்டரில் பண்பலை நிலையம் ஒன்றைப் பாடவிட்டு, அதைப் பெரிய எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடியை இறுக மூடுங்கள். பாட்டு மங்கி, ‘உஸ்’ என்ற இரைச்சலே மிஞ்சும். மூடியைத் திறந்தால் பாட்டு திரும்பிவிடும். டிரான்சிஸ்டரும் கெடவில்லை, நிலையமும் ஓயவில்லை. நடுவே ஓர் உலோகச் சுவர் வந்தது, அவ்வளவுதான்.

இதையே கைப்பேசியை வைத்து வகுப்பில் காட்டப் போய் ஒருமுறை நான் அசடு வழிந்தேன். சாப்பாட்டுத் தூக்கின் மூடி சற்றே நெளிந்திருந்தது. அழைத்ததும் தூக்குக்குள்ளிருந்து மணி கணீரென்று ஒலித்தது; வகுப்பே சிரித்தது. அதுவும் ஒரு பாடம்தான். அலையின் நீளம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது எந்தச் சந்தில் நுழையும், எதில் நுழையாது என்பது அமைகிறது. 300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு 3 மீட்டர். 1,800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். குட்டை அலை சிறு பிளவிலும் புகுந்து வந்துவிடுகிறது. நீண்ட அலை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இனி, அந்தச் சம்படத்தின் இடத்தில் நூறு மாடிக் கட்டிடம் ஒன்றை வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது டிரான்சிஸ்டர் அல்ல, தீயணைப்பு வீரர் ஒருவர். அவர் கையில் ஒரு வாக்கி-டாக்கி. கீழே நிற்கும் தலைவர், “மேலே போகாதே, திரும்பி வா” என்கிறார். அந்தச் சொல் வீரரை எட்டுமா?

தீயணைப்பு வீரரின் கைக்கருவி சில வாட் ஆற்றலே உடையது. சாலையில் நின்று பேசினால் அது போதும். கட்டிடத்துக்குள் போனால் கதை மாறுகிறது. கான்கிரீட்டுக்குள் பின்னிய இரும்புக் கம்பிகள் ஒரு வலையாக நிற்கின்றன. தளத்துக்குத் தளம் எஃகுத் தகடு இருக்கிறது. வெயிலின் வெப்பத்தைத் தடுக்கச் சன்னல் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகப் பூச்சு வானொலி அலையையும் சேர்த்தே தடுக்கிறது. அரசுக் கட்டிடங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தடித்த சுவர், நிலவறை, ஆவணக் காப்பறை, பாதுகாப்புக்கென வலுவூட்டிய அறைகள் எல்லாம் அங்கே உண்டு. மக்களைக் காக்க நாம் கட்டும் வலிமையான சுவரே, அவர்களைக் காக்க வருபவரின் குரலை அடைத்துவிடுகிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நியூயார்க் நகரின் உலக வர்த்தக மையமே சான்று. அதைக் கட்டியது நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களின் துறைமுக ஆணையம் என்னும் அரசு அமைப்பு. 1993 பிப்ரவரி 26 அன்று அதன் நிலவறையில் வெடிகுண்டு வெடித்து ஆறு பேர் உயிரிழந்தனர். மீட்கச் சென்ற தீயணைப்புப் படையினரின் வாக்கி-டாக்கிகள் அன்று சரிவர உதவவில்லை. மாடிகளை ஊடுருவி அலை போகவில்லை என்பது ஒரு காரணம். ஒரே அலைவரிசையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதால் எவர் சொல்வதும் புரியாமற் போனது இன்னொரு காரணம்.

ஆணையம் சும்மா இருந்துவிடவில்லை. தன் செலவிலேயே 1994-இல் ரிப்பீட்டர் ஒன்றை நிறுவியது. ரிப்பீட்டர் என்பது வேறொன்றுமில்லை. ஒருவர் மெதுவாகச் சொன்னதைக் கேட்டு ஊரறிய உரக்கச் சொல்லும் தண்டோராக்காரரைப் போன்றது அது. கைக்கருவியின் மெலிந்த அலையை வாங்கி, அதே பேச்சை வேறோர் அதிர்வெண்ணில் வலுவாகத் திருப்பி அனுப்பும். அதை எந்நேரமும் இயங்கவிடலாம் என்றது ஆணையம். சுற்றுவட்டாரத்தில் நடக்கும் தங்களது மற்றப் பணிகளின் பேச்சோடு அது குறுக்கிடும், தேவைப்படும்போது மட்டும் இயக்கினால் போதும் என்றது தீயணைப்புத் துறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் இயக்கும் பொறுப்பு ஆணையத்தின் காவலர்களிடம் இருந்தது. 2000-இல் தீயணைப்புத் துறை கேட்டுக்கொண்டபடி, இரு கோபுரங்களின் முன்கூடத்திலும் இயக்குமேசை வைக்கப்பட்டது. கருவி வந்தாயிற்று, கைக்கெட்டும் தூரத்திலும் வந்தாயிற்று.

2001 செப்டம்பர் 11 காலை 8:46-க்கு வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. 8:54-க்கு ரிப்பீட்டர் இயக்கப்பட்டது. ஆனால் அந்த மேசையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் வீரர்களின் கைக்கருவிகளுக்கு ரிப்பீட்டர் வேலை செய்யும். மேசையில் தொலைபேசி போல இருந்த தலைமைக் கருவியில் பேச இரண்டாவது பொத்தானையும் அழுத்த வேண்டும். அந்த இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவில்லை. 9:05-க்கு அதிகாரிகள் இருவர் சோதித்துப் பார்த்தனர். தலைமைக் கருவியில் பேசியவருக்கு மறுமொழி கிட்டவில்லை. ரிப்பீட்டரே பழுது என்று முடிவு செய்து, வடக்குக் கோபுரத்தில் அதை விட்டுவிட்டனர். உண்மையில் ரிப்பீட்டர் பழுதாகவில்லை. வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இதைப் படித்தபோது பள்ளி விழா ஒன்றின் ஒலிபெருக்கி எனக்கு நினைவுக்கு வந்தது. “மைக் வேலை செய்யவில்லை” என்று வரவேற்புரை முழுவதையும் தொண்டை வற்றக் கத்தியே முடித்தார் ஓர் ஆசிரியை. கடைசியில் பார்த்தால் மைக்கின் கழுத்திலிருந்த சிறு விசை கீழே தள்ளியிருந்தது. நாம் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அந்த முன்கூடத்தில் நின்ற அதிகாரிகளையும் அப்படி எண்ணிவிடாதீர்கள். தலைக்குமேல் நூறு மாடி எரிகிறது. வெளியே உடல்கள் விழும் ஓசை. நூற்றுக்கணக்கான வீரர்கள் கட்டளைக்காகக் காத்து நிற்கிறார்கள். அத்தகைய நிமிடத்தில் இரண்டாவது பொத்தானை நினைவில் வைக்கச் சொல்லும் கருவியை அமைத்ததே பிழை என்பது என் எண்ணம். ஒரு விளக்கு எரிந்து ‘இது இன்னும் இயங்கவில்லை’ என்று கண்ணில் அறைந்தாற்போல் காட்டியிருக்க வேண்டாமா?

9:03-க்குத் தெற்குக் கோபுரத்தில் இரண்டாவது விமானம் மோதியது. அங்கே வந்த அதிகாரிகள் தங்கள் கைக்கருவிகளில் ரிப்பீட்டர் அலைவரிசை கேட்பதைக் கண்டுகொண்டனர். அவர்களுள் ஒருவர் ஓரியோ பால்மர் என்னும் பட்டாலியன் தலைவர். உயர்மாடித் தீயில் வாக்கி-டாக்கிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தனி அக்கறை கொண்டிருந்தவர் அவர். வேலை செய்த லிப்ட் ஒன்றில் 40-ஆம் மாடிவரை சென்றார். அங்கிருந்து கனத்த உடுப்போடு படியேறினார். வழியெல்லாம் தாம் கண்டதை அந்த அலைவரிசையில் சொல்லிக்கொண்டே போனார். ஏறத்தாழ 9:52-க்கு, விமானம் கிழித்த 78-ஆம் மாடியை எட்டினார். அங்கே இறந்தவர் பலர் என்றும், தீ இரண்டு இடங்களில் தனித்தனியே எரிகிறது, இரண்டு குழாய்கள் போதும் என்றும் தெரிவித்தார். அந்த அலைவரிசையின் ஒலிப்பதிவு பின்னர் கிடைத்ததால்தான் இவை நமக்குத் தெரியவந்தன.

அதே பதிவு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. கீழே முன்கூடத்தில் இருந்த மூத்த அதிகாரி 9:21-க்குப் பிறகு அந்த அலைவரிசையில் பேசுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் பால்மரால் முன்கூடத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை. கோபுரத்துக்குள் நுழைந்த குழுக்களில் பெரும்பாலானவையும் அந்த அலைவரிசையில் இல்லை. மேலே ஏறியவருக்கு அலை இருந்தது, கருவி இருந்தது, சொல்லவேண்டிய சேதியும் இருந்தது. அதைக் கேட்கவேண்டிய காது வேறு வரிசையில் இருந்தது. 9:59-க்கு அக்கோபுரம் இடிந்து விழுந்தது. பால்மரும் உடனிருந்தோரும் மீளவில்லை.

தெற்குக் கோபுரம் விழுந்த ஓரிரு நிமிடங்களில் வடக்குக் கோபுரத்து வீரர்களை வெளியேறச் சொல்லி ஆணை பிறந்தது. கோபுரம் ஒன்று முழுதாக விழுந்துவிட்டது என்பது ஆணையிட்டவருக்கே அப்போது தெரியாது. மேல்மாடிகளில் இருந்த சிலருக்கு ஆணை எட்டியது. 35-ஆம் மாடியில் இருந்த அதிகாரி ஒருவர் மெகாபோனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கட்டாகப் போய் உரக்கக் கத்தினார். பலருக்கு எட்டவில்லை. சிலர் வேறு அலைவரிசையில் இருந்தனர். சிலர் விடுமுறை நாளிலும் ஓடிவந்தவர்கள். அவர்களிடம் கருவியே இல்லை. சிலரது கருவியில் ஒரே இரைச்சல். இதற்கிடையே வானில் வட்டமிட்ட காவல்துறை ஹெலிகாப்டர், இந்தக் கோபுரமும் நிற்காது என்று எச்சரித்தது. அது காவல்துறையின் அலைவரிசையில் போனது. தீயணைப்பு வீரர்களிடம் அந்த அலைவரிசை இல்லை. 10:28-க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தது. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை இழந்தவர் 343 பேர்.

எல்லாவற்றுக்கும் வாக்கி-டாக்கியே காரணம் என்று சொல்வது சரியாகாது. ஆணையைக் கேட்டும், நடக்க இயலாதவரை விட்டுவர மனமின்றி நின்றவர்கள் உண்டு. 2004-இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் பழியை ஒரு கருவியின் தலையில் மட்டும் கட்டவில்லை. எனினும் கேட்டிருந்தால் இறங்கியிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்ற கேள்வி நம்மை விடுவதில்லை.

இன்னொரு குரலும் அன்று சிக்கிக்கொண்டது. அதைப் பலரும் பேசுவதில்லை. உள்ளே அகப்பட்டவர்கள் 911 என்னும் அவசர எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெளியேற வேண்டும் என்று முன்கூடத்து அதிகாரிகள் எடுத்த முடிவு, தொலைபேசியில் மறுமொழி சொன்னவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர்கள் வழக்கமான விதிப்படி, இருக்கும் இடத்திலேயே தாழ்வாக இருங்கள், உதவி வரும் என்று சொன்னார்கள். இங்கே சுவர் இல்லை, எஃகு இல்லை, கம்பி அறுபடவுமில்லை. தகவல் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகவில்லை, அவ்வளவே. நகரத்தின் அவசரகால அலுவலகமோ அதே வளாகத்தின் 7-ஆம் எண் கட்டிடத்தில், 23-ஆம் மாடியில் இருந்தது. 9:30 மணியளவில் அவர்களே காலிசெய்து இறங்க வேண்டியதாயிற்று.

அதே காலை, தலைநகர் வாஷிங்டனை அடுத்த பென்டகனில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது நாட்டின் போர்த் துறைக்கென 1943-இல் கட்டி முடிக்கப்பட்ட மாபெரும் அரசுக் கட்டிடம். 9:37-க்கு அதன் மேற்குப் பக்கத்தில் விமானம் மோதியது. அங்கும் அலைவரிசைகள் நெரிசலில் திணறின. வெவ்வேறு ஊர்ப் படைகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேச மறுத்தன. முதல் சில மணி நேரத்தில், காலால் ஓடிச் செய்தி சொன்னவர்களே சில வேளைகளில் மிகவும் நம்பகமான தொடர்பாக இருந்தார்கள் என்று ஆர்லிங்டன் மாவட்டத்தின் அறிக்கை பதிவுசெய்தது. ஆனாலும் 9:55-க்கு, மோதிய பகுதி சரியப்போகிறது என்றுணர்ந்த களத் தலைவர் எல்லாரையும் வெளியேறச் சொன்னார். 9:57-க்கு அது சரிந்தது. மீட்புப் பணியாளர் ஒருவருக்கும் காயமில்லை.

இரண்டு நிமிடம்! அது எப்படி இயன்றது? பென்டகன் ஐந்தே மாடி. கோபுரங்களோ 110 மாடி. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று. விசாரணைக் குழுவும் அந்த வேறுபாட்டைச் சுட்டியது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வந்த பல ஊர்ப் படையினரும் முன்பே சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்குமளவு பழகியவர்கள். யார் தலைவர் என்பதில் குழப்பமில்லை. கருவி திணறியபோதும் கட்டளை போய்ச் சேர்ந்ததென்றால், அந்தப் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

அதற்குப் பின் செய்யப்பட்டவை பல. கட்டிடத்துக்குள் அலையைக் கொண்டுசெல்லும் முறையை மட்டும் சற்று விளக்குகிறேன். உங்கள் இயற்பியல் பாடத்துக்கும் உதவும். கூரைமேல் ஓர் ஆன்டெனா, நகரத்துத் தீயணைப்பு அலைவரிசையை வாங்குகிறது. அங்கிருந்து ஒரு பெருக்கிக்குக் கம்பி இறங்குகிறது. இந்தப் பெருக்கி இருவழிப் பெருக்கி: வெளியிலிருந்து வருவதை உள்ளுக்கும், உள்ளிருந்து போவதை வெளிக்கும் வலுப்படுத்தும். அதிலிருந்து மாடிதோறும் கம்பிகள் ஓட, உட்கூரையில் பொருத்திய சிறுசிறு ஆன்டெனாக்கள் அலையைப் பரப்பும். படிக்கட்டுக்கும் நிலவறைக்கும் தனிக் கவனம். மின்சாரம் போனாலும் இயங்க மின்கலம், தண்ணீர் புகாத பெட்டி, தீயிலும் சில மணி நேரம் தாங்கும் கம்பி. தீயணைக்கப் பாய்ச்சும் நீரும் எரியும் தீயுமே இந்த அமைப்பின் முதல் எதிரிகள் என்பதை மறக்கக் கூடாது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. கூரை ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்கும்படி அமைந்துவிட்டால், மைக் தன் ஒலிபெருக்கியின் முன் நின்று ஊளையிடுமே, அதுபோலப் பெருக்கியும் ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளை கட்டிடத்தோடு நில்லாமல், சுற்றுவட்டாரத்துத் தீயணைப்பு அலைவரிசையையே குழப்பிவிடும். உதவிக்கு வைத்ததே உபத்திரவமாகும். அதனால் கடையில் வாங்கி மாட்டிவிட்டுப் போகிற பொருளல்ல இது. அலைவரிசைக்கு உரியவரின் இசைவு வேண்டும். கைதேர்ந்தவர் அமைக்க வேண்டும்.

அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் மாதிரித் தீ விதித்தொகுப்பின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு தளத்திலும் 95 விழுக்காட்டுப் பரப்பில் வாக்கி-டாக்கி கேட்க வேண்டும் என்றது அது. சோதிக்கும் முறை எளியது. தளத்தை ஏறத்தாழச் சமமான 20 கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் நின்று பேசிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மீண்டும் பார்க்க வேண்டும். ஏன் ஆண்டுதோறும்? புதிதாக ஓர் உலோகத் தடுப்பு எழுப்பியிருப்பார்கள், சன்னலை மாற்றியிருப்பார்கள், எதிரே ஓர் உயரமான கட்டிடம் முளைத்திருக்கும். சென்ற ஆண்டு கேட்ட மூலையில் இவ்வாண்டு கேட்காமற் போகும். நியூயார்க் நகரமும் தன் 2014 கட்டிட விதியில் புதிய உயர்மாடிக் கட்டிடங்களுக்கு உள்தொடர்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. பல துறையினரும் ஒரே வலையில் பேசுவதற்கென, 2012-இல் இயற்றிய சட்டத்தின்படி ‘ஃபர்ஸ்ட்நெட்’ என்னும் தனி வலையமைப்பும் அந்நாடு முழுவதற்கும் உருவாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் 2015 ஜனவரி 12 அன்று, அதே வாஷிங்டனில், லான்ஃபான்ட் பிளாசா என்னும் நிலத்தடி ரயில் நிலையத்தருகே சுரங்கத்தில் புகை சூழ்ந்தது. அது பொது அமைப்பு ஒன்று நடத்தும் நிலையம். புகையில் நின்றுவிட்ட ரயிலில் பயணிகள் அகப்பட்டனர். பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். கீழே இறங்கிய தீயணைப்பு வீரர்களின் வாக்கி-டாக்கிகள் சரிவர இயங்கவில்லை. கைப்பேசியிலும், ஒருவர் வாய்மொழியாக மற்றவருக்குமாகச் செய்தியைக் கடத்தினார்கள். அந்த நிலையத்தில் கருவிகள் கேட்கவில்லை என்பது 4 நாட்களுக்கு முன் நடத்திய சோதனையிலேயே தெரிந்திருந்தது. உரியவர்களுக்குச் சொல்லியும் ஆயிற்று. பழுது பார்க்கும் முன்பே புகை வந்துவிட்டது.

சோதனையின் பயன் கோளாற்றைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. கண்டுபிடித்த நாளுக்கும் சரிசெய்த நாளுக்கும் இடையே அந்தக் கட்டிடத்தில் என்ன ஏற்பாடு என்றும் எழுதிவைத்தாக வேண்டும். இன்ன மாடியில் கேட்காது என்று முன்கூடத்துப் பலகையில் குறித்திருந்தால், உள்ளே போகும் வீரர் படிக்கட்டு வளைவில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவார். கீழிருந்து வரும் சொல்லை மேலுக்கும், மேலிருந்து வரும் சொல்லைக் கீழுக்கும் கொடுப்பது அவர் வேலை. ரிப்பீட்டரின் வேலையை ஒரு மனிதர் செய்கிறார். பழைய முறைதான், மின்கலம் தீர்ந்துவிடும் என்ற கவலை அதற்கு இல்லை.

பேசும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டளையைக் கேட்டவர் “சரி” என்று மட்டும் சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “35-ஆம் மாடியில் இருப்போர் இறங்குக” என்றால் “35-ஆம் மாடி, இறங்குகிறோம்” என்று மறுமொழி வரவேண்டும். வராவிட்டால், சொன்னவர் தாம் சொல்லியாயிற்று என்று இருந்துவிடாமல் வேறு வழி தேட வேண்டும். ஆண்டுச் சோதனையின்போது நிலவறையின் கடைக்கோடியில், தண்ணீர் இறைக்கும் எந்திர அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் கையில் கருவியோடு நின்று முன்கூடத்தை அழைப்பார். முன்கூடத்தில் இருப்பவர் அவர் சொன்ன எண்களை அப்படியே திருப்பிச் சொல்வார். பிறகு கதவைத் திறந்து அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.